ஒரே புள்ளியாக நின்ற ஊர்

போன வாரம் ஷர்மிளா போன் செய்தாள். நான் விருப்ப ஓய்வு வாங்கி வந்த நகராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிற வேலை அவளுக்கு. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய ஸ்கிரிப்டைச் சுத்தம் செய்கிறார்களாம். அதில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்களாம்.

"நான் வாயால சொன்னா காதுல வாங்க மாட்டேங்குறாங்க, மல்லிகாக்கா. நீங்க எழுதிக் குடுங்க. படிக்கட்டும்."

"எனக்கு எழுத வராதே."

"பேசவும் வராது ஒங்களுக்கு. எழுதுனா யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க இல்ல?"

அவள் சொன்னது நியாயமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளிப்படிப்போடு நின்றவள். படம் ஒழுங்காக வரைவேன் என்பதால் டிரேசராக வேலை கிடைத்தது. நகரத்தின் வரைபடங்களை மெல்லிய தாளில் பிரதி எடுப்பதுதான் டிரேசர் வேலை. முதல் சில வருடங்கள் கோடு இழுக்கவும், எழுத்தை ஒரே உயரத்தில் எழுதவும், மை சிந்தினால் பிளேடால் சுரண்டவும் கற்றுக்கொண்டதில் போயின. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பலகையும் பேனாவும் போய் மவுஸ் வந்தது. கோடு அதே கோடுதான்.

எங்கள் அதிகாரியை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கடைநிலை ஊழியரைக்கூட 'நீங்க' என்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், காதைக் கொண்டுபோய் வைத்துத்தான் திட்டு வாங்க வேண்டும். வேலை சரியாக இருந்தால் 'போன்' என்று ஒரு சொல். பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தம். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. ஒரு வரைபடத்தைக் கொண்டுபோய் வைத்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஏதாவது ஒரு புள்ளியின் மேல் சுண்டு விரலை வைப்பார்.

"இது எங்க நிக்குது?"

தெருப் பெயர் சொன்னால் போதாது. தெருவில் எந்தப் பக்கம், எதற்கு எதிரில் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் வரைபடம் திரும்பி வந்துவிடும். இதற்குப் பயந்தே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன்.

புள்ளிகளை எண்ணுவதுதான் எனக்கு முக்கிய வேலை. எரியாத தெருவிளக்கு, உடைந்த சாக்கடை மூடி, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் இடம் என்று ஒவ்வொரு புகாரும் வரைபடத்தில் ஒரு புள்ளி. ஊர் முழுவதையும் கணக்கு நோட்டுத் தாள்போலச் சம கட்டங்களாகப் பிரித்திருப்போம். ஒரு கட்டத்துக்குள் ஒரு பெரிய தெருவும் அதன் சந்துகளும், அல்லது ஒரு சிற்றூர் அடங்கும். எந்தக் கட்டத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணி அந்தக் கட்டத்துக்கு அந்த எண்ணைக் கொடுப்போம். எண் கூடக் கூட நிறம் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும். இப்படிக் கட்டத்துக்கு ஒரு எண் வைத்திருக்கும் வரைபடத்துக்கு ராஸ்டர் என்று பெயர். சிவப்புக் கட்டத்துக்கு ஆள் போகும். வெள்ளைக் கட்டத்துக்குப் போகாது.

ஆரம்பத்தில் கண்ணாடித் தாளில் கட்டம் போட்டு, வரைபடத்தின் மேல் விரித்து, கையால் எண்ணினேன். எண்ணிய புள்ளியைப் பென்சிலால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். சரியாகக் கோட்டின் மேலேயே நிற்கும் புள்ளிதான் தொல்லை. அது இந்தக் கட்டமா, பக்கத்துக் கட்டமா? மதாம் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். நிமிர்ந்த கோட்டில் நின்றால் வலது கட்டத்துக்கு, படுத்த கோட்டில் நின்றால் மேல் கட்டத்துக்கு. ஏன் என்று கேட்டால், "எதாவது ஒண்ணு இருக்கணும். எல்லாரும் அதையே செய்யணும். அவ்வளவுதான்" என்பார்.

ஷர்மிளா வந்த பிறகு இந்த எண்ணும் வேலையை ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டருக்கு வரிவரியாக எழுதிவைக்கும் கட்டளைதான் ஸ்கிரிப்ட். புள்ளிகளைக் கொடுத்து ஓடவிட்டால், நான் கண்ணாடித் தாளை எடுத்து விரிப்பதற்குள் எல்லாக் கட்டத்தையும் எண்ணி நிறம் பூசிவிடும். முதல் தடவை மதாம் என்னையும் தனியாக எண்ணச் சொன்னார். இரண்டையும் ஒப்பிட்டோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டில் மட்டும் ஒன்று கூடி, ஒன்று குறைந்திருந்தது. பார்த்தால், கோட்டின் மேல் நின்ற ஒரு தெருவிளக்கு. ஸ்கிரிப்ட் அதைக் கீழே தள்ளியிருந்தது, நான் மேலே வைத்திருந்தேன்.

"ரெண்டும் தப்பில்ல. ஆனா நம்ம சட்டத்துக்கு மாத்திடுங்க" என்றார் மதாம்.

ஷர்மிளா மாற்றினாள். எனக்கு வேலை போய்விடுமோ என்று அன்றைக்கு நினைத்தேன். போகவில்லை. எண்ணுகிற வேலைதான் போனது. புள்ளியைச் சரியான இடத்தில் வைக்க ஆள் வேண்டியிருந்தது.

இனி அந்த வரிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் முதலியார்பேட்டை ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டு போர்டிகோவில் தண்ணீர் நின்றது. போன் செய்தார். ஆள் வரவில்லை. மறுபடியும் செய்தார். காலையில் காபி குடித்ததும் செய்வார், சாப்பிட்டதும் செய்வார், தூங்கி எழுந்ததும் செய்வார். ஒவ்வொரு தடவையும் போன் எடுத்தவர்கள் ஒழுங்காகப் பதிவு செய்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. அந்தக் கட்டம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை ஏற்றிக்கொண்டு ஆட்கள் போனால், தெருவில் சைக்கிள் காய்ந்த சக்கரத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. இவர் வாசலில் மட்டும் ஒரு குட்டை.

"பக்கெட்டால மொண்டு ஊத்தியிருக்கலாமே சார்" என்றாராம் இன்ஜின்காரர்.

"வரி கட்டுறவன் நான். மொள்ள வேண்டியது நீங்க" என்றாராம் அவர்.

அதற்குப் பிறகுதான் ஸ்கிரிப்டில் ஒரு சட்டம் சேர்ந்தது. ஒரே போன் எண்ணிலிருந்து எத்தனை புகார் வந்தாலும் ஒரு புள்ளிதான். முதலில் வந்தது நிற்கும், மற்றதெல்லாம் விழுந்துவிடும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்.

அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. நான் பெரிய மார்க்கெட்டில் அஞ்சலையிடம்தான் மீன் வாங்குவேன். நகரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு மீனவ ஊர், அங்கிருந்து கூடையோடு வருவாள். அன்றைக்கு வழக்கமான இடத்தில் அவள் இல்லை. நான் திரும்பும் நேரத்தில் வெறுங்கையோடு வந்தாள். புடவை முழங்கால் வரை சேறு.

"மீனு இல்லம்மா. மண்ணெண்ண வாங்க வந்தேன். அடுப்புக்குள்ள தண்ணி."

"ஒங்க ஊர்லயா?"

"ஊரே தண்ணியிலதான் கெடக்குது. கடலுக்கும் போவாத, உள்ளயும் வத்தாத நிக்குது. எம் பொண்ணு கொழந்த பெத்து பத்து நாளு ஆவுல. கட்டிலு மேல ஒக்காந்திருக்குறா. தண்ணி கட்டிலுக்கு ஏறிக்கினே இருக்குது." பிறகு என் அலுவலகப் பையைப் பார்த்தாள். "நீ தண்ணி ஆபீஸ்லதான இருக்குற? எல்லா ஊருக்கும் மோட்டாரு வுடுறீங்களாமே. எங்களுக்கு இன்னா, உப்புத் தண்ணிதானன்னு வுட்டுட்டீங்களா?"

அலுவலகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் அவள் ஊர்க் கட்டத்தைத் திறந்தேன். வெள்ளையாக இருந்தது. மாரியம்மன் கோவில் வாசலில் ஒரே ஒரு புள்ளி.

விழுந்துபோன புகார்களை எடுத்துப் பார்த்தேன். அதே போன் எண்ணிலிருந்து வடக்குத் தெரு, நடுத்தெரு, வலைக்கூடத்துத் தெரு என்று அடுத்தடுத்து வந்திருந்தன. எல்லாம் ஒருவர் போனிலிருந்து. அந்த ஊரின் பஞ்சாயத்துத் தலைவர். முதலியார்பேட்டை ஐயாவுக்குப் போட்ட சட்டத்தில் இவர் மாட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் யாரும் போன் செய்திருக்கவில்லை. மீனவ ஊர்களில் அது பழக்கம். ஊர்க்காரியம் என்றால் ஊருக்காகத் தலைவர் பேசுவார். அவரைத் தாண்டி ஆளாளுக்கு ஆபீசில் போய்ச் சொல்ல மாட்டார்கள். நான் குடியிருக்கும் நெல்லித்தோப்பில் அப்படி இல்லை. அப்பா ஒரு போனில், மகன் ஒரு போனில், மாடியில் குடியிருப்பவர் ஒரு போனில் புகார் சொல்வோம்.

மதாம் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அவரே கூப்பிட்டார். சொன்னேன்.

"அந்த அஞ்சலை ஒங்களுக்கு யாரு?"

"மீன் வாங்குவேன், மதாம்."

"மீன் வாங்குறதுக்காக ஒரு கட்டத்தைச் சிவப்பாக்க முடியாது." குரல் இறங்கியது. "தண்ணி இருக்குன்னு நான் நம்புறேன். ஆனா எண்ணிக்கையில கை வெக்கக் கூடாது. இன்னிக்கு நீங்க வெச்சா, நாளைக்கு என்ன விடப் பெரிய ஆளு ஒருத்தர் வந்து வெப்பாரு. அப்ப நான் என்ன சொல்றது?"

ஷர்மிளாவைக் கூப்பிட்டார். போன் எண் சட்டத்தை எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தது.

"எடுத்தா முதலியார்பேட்டை ஐயா செவந்துடுவாரு, மதாம். இந்த மழைக்கும் காலையிலேர்ந்து போன் பண்ணிக்கிட்டுதான் இருக்காரு."

மதாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திரையில் கோவில் வாசல் புள்ளியின் மேல் சுண்டு விரலை வைத்தார்.

"இது எங்க நிக்குது?" என்று கேட்டார். பிறகு அவரே பதில் சொன்னார். "இந்த இடத்துல தண்ணி நிக்கல. இங்க சொன்னவர்தான் நிக்கிறாரு. நாம தண்ணிய எண்ணாம சொன்னவர எண்ணிக்கிட்டு இருக்கோம்."

சட்டத்தை அப்போதே மாற்றச் சொன்னார். ஒரே இடத்தைப் பற்றி எத்தனை புகார் வந்தாலும் ஒன்று. ஒரே ஆள் வேறு வேறு இடத்துக்குச் சொன்னால் ஒவ்வொன்றும் தனி. சொன்னவர் வேறு, இடம் வேறு. இப்போது எடுக்கப் பார்க்கிற வரி அதுதான்.

ஆனால் அதை வைத்தும் அந்தக் கட்டம் மஞ்சளைத் தாண்டவில்லை. தலைவர் தெருவுக்கு ஒன்றாகத்தானே சொல்லியிருந்தார்.

"புள்ளி கொண்டு வாங்க" என்றார் மதாம் என்னிடம். "வீட்டுக்கு வீடு. இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க, இன்ஜின் ஒதுக்குற பட்டியலை அது வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன். அதுக்கு மேல முடியாது."

இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் கருவியைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஊர் எல்லையிலேயே ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். கோவில் மேடையில் தலைவர் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வூடு வூடா கேக்கப் போறியா?" என்றார். "நான்தான் ஊருக்காவ சொல்லிட்டேனே. நான் சொன்னதுக்கு மேல ஒவ்வொருத்தங்கிட்டயும் கேட்டா, என் சொல்லு இன்னாத்துக்கு? நான் பொய்யி சொல்றேன்னு சோதன போட வந்தியா?"

"இல்லைங்க."

"பின்ன?"

நான் பாலித்தீன் பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். பின்னால் பெண்கள் கூட்டத்தில் அஞ்சலை நின்றிருந்தாள்.

"தலைவரே, அத வையாத. அது மீனு வெலையே கேக்காது. நானே சொல்லி, நானே கொறச்சி, நானே எட போட்டுக் குடுப்பேன். அதும் வாயிலேர்ந்து பேச்சு வாங்கணும்னா நீ சாயங்காலம் வரைக்கும் ஒக்காரணும்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மேடை ஓரத்தில் ஈரமணல் இருந்தது. உட்கார்ந்து விரலால் கட்டங்கள் போட்டேன். வாயால் சொல்வதைவிட எனக்கு அது சுலபம்.

"இது நெல்லித்தோப்பு." அந்தக் கட்டத்தில் கைக்கு வந்த கிளிஞ்சல்களை எல்லாம் போட்டேன். "அங்க எல்லாரும் போன் பண்ணுறாங்க. இது ஒங்க ஊரு." ஒரு கிளிஞ்சல் வைத்தேன். "நீங்க ஒருத்தர் பண்ணீங்க. மிஷின் கிளிஞ்சலைத்தான் எண்ணும். எங்க அதிகமோ அங்க இன்ஜின் போகும்."

தலைவர் குனிந்து பார்த்தார்.

"இம்மாம் பேரும் ஒரு கிளிஞ்சலா?"

"ஆமாங்க."

"ஊருன்னா இன்னான்னு அந்த மிஷினுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. அதுக்கு இடம் மட்டும்தான் தெரியும்."

அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இடத்த நான் காட்டுறேன். ஆனா எவன்கிட்டயும் நீ கேக்கக் கூடாது. சொன்னவன் யாருன்னு கேட்டா, எல்லா வூட்டுக்கும் ஊருன்னே எழுது."

"சரிங்க."

தண்ணீரில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். ஒவ்வொரு வாசலிலும் நின்று கையைக் காட்டுவார். மேகம் மூடியிருந்ததால் கருவிக்குச் சமிக்ஞை கிடைக்கத் தாமதமாகும். திரையில் இடத்தின் எண் நிலைக்கும் வரை நான் அசையாமல் நிற்க வேண்டும். அவரும் நிற்பார். நிலைத்ததும் "ஊரு" என்பார். நான் பதிவேன். அடுத்த வாசல். மேட்டில் இருந்த வீட்டுக்காரர் ஒருவர், "என் வூட்டையும் போட்டுக்கம்மா, ஒண்ணு கூட இருந்தா நல்லதுதான" என்றார்.

"ஒன் வூட்டுல பூன காலு நனையல. உள்ள போ" என்றார் தலைவர். தன் வீட்டையும் தாண்டிப் போனார். அதுவும் மேடுதான்.

அஞ்சலையின் வீட்டில் கட்டிலின் கால்களுக்கு அடியில் மீன் பெட்டிகளைக் கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். மகள் சுவரோடு சாய்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. தண்ணீர் மேல்பெட்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூரைக்குள் கருவி வேலை செய்யாது என்று வாசலுக்கு வந்து கையை நீட்டி நின்றேன். அந்த வீட்டில்தான் எண் நிலைக்க ரொம்ப நேரம் ஆனது. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழந்தைக்கு இன்னும் பேரு வெக்கலியே, எழுத முடியுமா?" என்று கேட்டாள்.

"பேரு வேணாம்மா. எடம் போதும்."

"ஊரு" என்றார் தலைவர் வெளியிலிருந்து.

நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பட்டியல் மதாம் மேசையில் கையெழுத்து இல்லாமல் இருந்தது. ஷர்மிளா கருவியை வாங்கி, புள்ளிகளை ஏற்றி ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். கடலோரக் கட்டம் சிவப்பானது. நகரத்திலேயே அதிகம் அதுதான்.

மிச்ச இன்ஜின் என்று ஒன்றும் இல்லை. எல்லாம் எங்காவது ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கட்டத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றால், இன்ஜின் இருக்கிற கட்டங்களில் கடைசியாக இருப்பதிலிருந்து எடுக்க வேண்டும். ஷர்மிளா வரிசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். புதுச் சட்டப்படி ஒரே வீட்டிலிருந்து மூன்று போனில் வந்த புகார் எல்லாம் ஒன்றாகிவிட்டது. அதனால் நெல்லித்தோப்பில் ஒரு கட்டம் கீழே இறங்கிக் கடைசிக்கு வந்திருந்தது.

"ஒங்க தெரு, அக்கா."

மதாம் பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார்.

"ஒங்க வீட்டுல தண்ணி இருக்கா?"

"வாசப்படி வரைக்கும், மதாம். இன்ஜின் ஓடுறதால நிக்குது."

"எடுத்தா உள்ள வருமா?"

"வரும்."

காத்திருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார் போல. நான் திரையைப் பார்த்தேன். எங்கள் கட்டத்தின் எண்ணைப் பார்த்தேன், கடலோரக் கட்டத்தின் எண்ணைப் பார்த்தேன்.

"எண்ணிக்கை சரியா இருக்கு, மதாம்."

"போன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது எங்கள் தெருமுனையில் இன்ஜினை டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவே வெளியே நின்றது. என் கணவர் உள்ளே அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ராணியக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் ஆபீஸ்லேர்ந்துதான் எடுக்கச் சொன்னாங்களாம். நீ அங்கதான இருக்குற? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"வேற எடத்துல தண்ணி ஜாஸ்தியாம், அக்கா."

"ஜாஸ்தியாம்னு எவன் போய்ப் பாத்தான்?"

நான் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று ராத்திரி தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்தது. ராணியக்கா வீட்டு பிரிட்ஜ் போய்விட்டது. பொங்கல் வரைக்கும் அவள் என்னிடம் பேசவில்லை. கடலோர ஊரில் இன்ஜின் விடிய விடிய ஓடி, அடுத்த நாள் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகளை எடுத்துவிட்டார்களாம். மழை விட்டதும் அஞ்சலை மார்க்கெட்டுக்கு வந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறது என்றாள். வஞ்சிரத்துக்கு விலை சொன்னாள், அதில் ஒன்றும் குறைக்கவில்லை. கடலுக்குப் போகாமல் இருந்த நாட்களை எல்லாம் அவர்கள் ஈடுகட்ட வேண்டும் அல்லவா. கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

இப்போது புகாரை அவரவர் செல்போனிலேயே படம் எடுத்து அனுப்பலாமாம். படம் எடுத்த இடத்தில் புள்ளி தானாக விழுமாம். ஒரு போனுக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் ஸ்கிரிப்ட் சின்னதாகிவிடும் என்று புதியவர்கள் சொல்வதாக ஷர்மிளா சொன்னாள். இருக்கலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஸ்கிரிப்டில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

எடுப்பதற்கு முன்னால் அந்த வருடத்துப் புள்ளிகளைத் திறந்து, கடலோரக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியே நிற்கும். ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். சொன்னவர் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் 'ஊர்' என்றே இருக்கும்.

அந்தத் தலைவர் இப்போது இல்லை. வேறு ஒருவர் வந்திருக்கிறார். அஞ்சலையிடம் நேற்று கேட்டேன், இப்போதெல்லாம் தண்ணீர் வந்தால் யார் சொல்வார்கள் என்று.

"தலைவருதான் சொல்லுவாரு. வேற யாரு சொல்லுவா?" என்றாள்.